மழை பார்க்கப் போன ஊர்: பெங்களூருவின் ஏரிகளும் விருந்தினரும்

2023 மே 21, ஞாயிற்றுக்கிழமை. ஆந்திரத்திலிருந்து பெங்களூருவுக்கு வந்திருந்த ஒரு குடும்பம், அந்நகரில் தகவல் தொழில்நுட்பப் பணியிலிருந்த தங்கள் வீட்டுப் பெண்ணுடன் வாடகைக் காரில் ஊர் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டது. பிற்பகலில் ஆலங்கட்டியுடன் கோடைமழை கொட்டியது. கப்பன் பூங்காவின் ஓரத்தில், விதான சௌதாவுக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கியிருந்த நீரின் ஆழம் தெரியாமல் கார் இறங்கி நடுவில் நின்றுவிட்டது. உடனிருந்தவர்களும் ஓட்டுநரும் மீட்கப்பட்டனர். 22 வயதான அப்பெண் உயிரிழந்தார். முந்தைய நாள்தான் முதலமைச்சராகப் பதவியேற்றிருந்த சித்தராமையா மருத்துவமனைக்கு நேரில் சென்றார். 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு அறிவிக்கப்பட்டது.

வடிகால் அடைபட்டது ஏன், தடுப்பு வைக்காதது ஏன் என்று அடுத்த சில நாள்கள் விவாதம் நடந்தது. அவை நிருவாகம் விடையளிக்க வேண்டிய கேள்விகள். வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய கேள்வி இன்னும் சற்றுப் பின்னே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஆற்றங்கரையில் அல்லாமல் மேட்டின் முதுகில் அமைந்த ஓர் ஊரில், விருந்தாக வந்தவர் பார்க்கத்தக்கவை எவை என்பதை யார், எப்போது முடிவு செய்தார்கள்? அந்தப் பட்டியலிலிருந்து நீர் எப்போது வெளியேறியது?

ஊரிலிருந்து அத்தை வந்தாலும் சித்தப்பா வந்தாலும் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. லால்பாக், கப்பன் பூங்கா, வெளியே நின்றபடி விதான சௌதா, திப்புவின் கோடைக்கால மாளிகை, பசவனகுடியின் பெரிய நந்தி; மாலையில் கமர்சியல் தெரு. இவற்றின் காலத்தை வரிசைப்படுத்தினால் ஒன்று புலப்படும். லால்பாக்கை 1760இல் ஹைதர் அலி தொடங்கினார். திப்புவின் மாளிகை 1791இல் முடிந்தது. அவ்வாண்டு மார்ச்சிலேயே கோட்டை காரன்வாலிசின் படையிடம் வீழ்ந்தது. அட்டாரா கச்சேரி 1868இலும் கப்பன் பூங்கா 1870இலும் தோன்றின. விதான சௌதாவுக்கு நேரு 1951இல் அடிக்கல் நாட்டினார். 1956இல் அது நிறைவுற்றது. நந்தியை நீக்கிவிட்டால் பட்டியல் முழுவதும் கடைசி இருநூற்று அறுபது ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. தோட்டம், மாளிகை, அலுவலகம் ஆகிய மூன்றையும் காண வெயிலோ வெண்மேகமோ வேண்டும். மழை வந்தால் பார்வை கெடும்.

இப்பட்டியலில் மழைக்கு இடம் தரும் கட்டடம் ஒன்றுண்டு. லால்பாக்கின் கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டியவர் விக்டோரியா அரசியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர்; அவரும் ஊர் பார்க்க வந்த விருந்தினரே. இலண்டனில் 1851ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட படிக மாளிகையை மனத்திற்கொண்டு, தோட்டக் கண்காணிப்பாளர் ஜான் கேமரன் காலத்தில், கிளாஸ்கோவில் வார்க்கப்பட்ட இரும்புச் சட்டங்களைக் கொண்டு அது கட்டப்பட்டது. சுதந்திர நாளையொட்டி நடக்கும் மலர்க் கண்காட்சி பருவமழை மாதத்தில் வருவதால், பேரனுக்காக எழுந்த அக்கூரையின் கீழ் இன்று எவருடைய பாட்டியும் மழைக்கு ஒதுங்கலாம். ஆயினும் அங்கே மழை என்பது வெளியே நிறுத்தப்பட்ட ஒன்றுதான்.

மழையையே பார்க்கப் போன காலமும் இருந்தது. வட தமிழக ஊர்களில் ஏரி நிரம்பி உபரி நீர் வழியும் இடத்தைக் 'கோடி' என்பர்; தெற்கே அது கலிங்கு அல்லது மறுகால். 'ஏரி கோடி போகிறது' என்ற செய்தி பரவினால் சிறுவர் முதல் முதியவர் வரை கரைக்கு ஓடுவர். வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தால் அவரையும் அழைத்துப் போவர். காட்டுவதற்கு ஊரில் அதைவிடப் பெரிதாக எதுவுமில்லை. கன்னடத்திலும் அதே சொல் அதே பொருளில் வழங்குகிறது. கோடி விழுந்த 'கெரெ'க்கு, அதாவது ஏரிக்கு, முறத்தில் மங்கலப் பொருள்கள் வைத்து 'பாகின' அளிக்கும் வழக்கம் கருநாடகத்தில் இன்றும் உண்டு. தமிழகத்து ஆடிப்பெருக்கை அறிந்தவர்க்கு அது அந்நியமாகத் தோன்றாது. மழைநாளில் ஊர் பார்ப்பது என்பது நீர் பார்ப்பதாக இருந்த பண்பாடு எல்லைக்கு இருபுறமும் ஒன்றே.

பெங்களூருவின் கல்வெட்டுகள் இதற்கு வலுவான சான்று. அந்நகரின் பெயர்க் கதைகூட ஒரு விருந்தினரைப் பற்றியதுதான்: வேட்டையில் வழிதவறிய ஹொய்சளர் வீர வல்லாளனுக்கு ஒரு மூதாட்டி வேகவைத்த பயறு கொடுத்ததால் 'பெந்த காளூரு' ஆயிற்றாம். கதை இனிது, ஆனால் அம்மன்னனுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, பேகூரில் உள்ள கங்கர் கால நடுகல் 'பெங்களூரு'ச் சண்டையைக் குறிப்பிட்டுவிடுகிறது. பெயரைவிட முக்கியமானவை, ஏரி வெட்டியதைச் சொல்லும் கற்கள். வைட்ஃபீல்டுக்கு அருகில் காடுகோடியில் உள்ள 1043ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. இராசராச வேளான் என்பவர் பட்டந்தூரில் ஏரி கட்டி மதகுகள் அமைத்ததையும், கணபதி, துர்க்கை, சேத்திரபாலர் திருவுருவங்களை நிறுவியதையும் அது பதிவு செய்கிறது. முதலில் ஏரி, பிறகு தெய்வங்கள் என்ற இவ்வமைப்பு தற்செயலானதன்று. நீர் நின்ற பிறகே அங்கே ஊர் நின்றது. இன்று அதே வட்டாரத்தில் மென்பொருள் வளாகங்கள் நிற்கின்றன. அங்கே வேலைக்கு வரும் தமிழ் இளைஞருள் பலருக்கு, தம் மொழியில் அந்நிலத்தின் நீர்க்கணக்கு எழுதப்பட்டுள்ளது என்பது தெரியாது.

தொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும் இவ்வாறே பெரிதும் பேசப்பட வேண்டியவை. பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் 1905இல் தொகுத்து வெளியிட்டபோது இத்தகைய தமிழ்க் கற்கள் கணிசமாக இடம்பெற்றன. இவற்றை 'இங்கே தமிழரே முதலில் இருந்தனர்' என்ற வாதத்துக்குத் துணையாக இழுப்போர் உண்டு. அவ்வாதம் வீண். அகரத்தில் கிடைத்த கங்கர் காலக் கன்னடக் கல்வெட்டும் ஏரி மதகுகளைத்தான் பேசுகிறது. அரசு மாறியிருக்கிறது, மொழி மாறியிருக்கிறது. மேட்டு நிலத்தில் மழையைத் தடுத்து நிறுத்த வேண்டிய தேவை மாறவில்லை. கற்கள் ஒருமித்துச் சொல்லும் செய்தி அதுவே.

1537இல் மண்கோட்டை எழுப்பிய கெம்பே கௌடரும் இம்மரபையே தொடர்ந்தார். தர்மாம்புதி, கெம்பாம்புதி என்று ஏரிகளுக்குக் கடலின் பெயர் சூட்டப்பட்டது. அம்புதி என்றால் கடல். பொம்மசந்திரா, சிங்கசந்திரா, ஜக்கசந்திரா என நகரின் தெற்கிலும் கிழக்கிலும் ஒலிக்கும் 'சந்திரா' நிலவன்று, 'சமுத்திரம்' மருவியது. அம்பாசமுத்திரத்தைச் சொல்லிப் பழகிய தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு நீரைக் கொண்டுபோன கால்வாய்க்கு 'ராஜகாலுவெ' என்று பெயர். ஊர்ப்பெயர்களையே வரிசையாக வாசித்தால் எங்கே நீர் இறங்கும், எங்கே தங்கும் என்ற வரைபடம் கிடைத்துவிடும். வழி கேட்கும் அயலாருக்குப் பெயரே எச்சரிக்கையாக இருந்தது.

இந்த ஏரிகளுள் கப்பன் பூங்காவுக்குத் தெற்கே இருந்த சம்பங்கி ஏரியின் கதையை விரிவாகப் பார்ப்பது தகும். நகரம் நீரை நோக்கிய பார்வை எவ்வாறு மாறியது என்பது அங்கே படிப்படியாகத் தெரிகிறது. ஹிதா உன்னிகிருஷ்ணன், ஹரிணி நாகேந்திரா முதலியோரின் ஆய்வுகள் இதன் ஆவணங்களைத் தொகுத்துத் தந்துள்ளன. ஏரியை நம்பி வாழ்ந்தவருள் முதன்மையானோர் திகளர். கன்னடத்தில் 'திகள' என்ற சொல் முன்பு தமிழரையே குறித்தது. தமிழ்த் தொடர்புடைய தோட்டக்காரச் சமூகம் அது. கீரையும் காயும் பூவும் விளைவித்து நகருக்குத் தந்தவர்கள். 1806ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி அல்சூர்ப் பக்கம் இராணுவக் குடியிருப்பு எழுந்தது. சென்னைப் படையோடு வந்த தமிழ்ச் சிப்பாய்களும் ஒப்பந்தக்காரர்களும் வணிகரும் பணியாளரும் அங்கே நிலைகொண்டனர். பழைய பேட்டைக்கும் புதிய தண்டுக்கும் இடையில் சம்பங்கி ஏரி கிடந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருவேறு விருப்பங்கள் அங்கே மோதின. தோட்டக்காரர்களுக்கு ஏரியில் நீர் நிற்க வேண்டும். ஆங்கிலேயர்க்குப் போலோ ஆட ஏரி காய்ந்து கிடக்க வேண்டும். நீர்மட்டத்தை எவ்வளவு வைப்பது என்பது அரசுக் கோப்புகளில் வழக்காயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் இது உழைப்புக்கும் விளையாட்டுக்கும் இடையிலான சச்சரவு. ஆழத்தில், ஒரே நிலத்தை இரண்டு விதமாகப் பார்த்த பார்வைகளின் மோதல். ஒருவருக்கு நீரோடு கூடியதே நிலம். மற்றவருக்கு நீர் நீங்கினால்தான் நிலம்.

தோட்டக்காரர்களின் தோல்வியை உறுதிசெய்தது போலோ மட்டை அன்று, இரும்புக் குழாய். 1876–78 பஞ்சம் ஏரிகளை வறளச் செய்து, மழையை மட்டும் நம்பி ஊர் நடத்த முடியாது என்ற அச்சத்தை அரசுக்கு ஊட்டியது. 1896இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாயில் நீர் வந்தது, 1933இல் திப்பகொண்டனஹள்ளி, 1974இல் காவிரி. குழாய் வந்ததை இழிவாகப் பேசுவது நியாயமாகாது. அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் குடிநீர் வேறெங்கிருந்தோ வரத் தொடங்கியதும், ஊருக்குள் கிடந்த ஏரி தேவையற்ற பள்ளமாகவும், கொசு வளரும் இடமாகவும், கடைசியில் வீட்டுமனையாகவும் காட்சியளிக்கத் தொடங்கியது. சம்பங்கி ஏரி 1930களின் இறுதியில் வடிக்கப்பட்டது. அதன் படுகையில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. ஒரு சிறு சதுரக் குளம் மட்டும் எஞ்சியது. அதுவும் எஞ்சியதற்குக் காரணம் சூழலியல் அன்று, சடங்கு: திகளரின் கரகத் திருவிழாவுக்குச் சம்பங்கி நீர் வேண்டும். ஏரியை இழந்தவர்களின் வழிபாடே அதன் ஒரு துண்டைக் காத்தது.

மற்ற ஏரிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தர்மாம்புதியின் படுகையில் கெம்பே கௌடர் பேருந்து நிலையம் நிற்கிறது. தமிழகத்திலிருந்து அரசுப் பேருந்தில் வந்து மெஜஸ்டிக்கில் காலூன்றும் உறவினர், பெங்களூருவில் முதலில் மிதிப்பது ஓர் ஏரியின் அடிமண். பக்கத்துச் சாலைக்கு இன்றும் 'டேங்க் பண்ட் ரோடு' என்றே பெயர். கரை இருக்கிறது, ஏரி இல்லை. 1997ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான வீரர் குடியிருப்பு கோரமங்களா ஏரியில் கட்டப்பட்டது. சல்லகட்டா ஏரி குழிப்பந்தாட்டத் திடலாயிற்று. விளையாட்டுக்கும் ஏரிக்கும் இந்நகரில் இருந்த உறவு தனி ஆய்வுக்கு உரியது.

இதைப் படித்துவிட்டுத் தமிழகம் பெருமிதம் கொள்ள இடமில்லை. சென்னையின் நெடிய ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' உண்டு. பார்க்க ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக மழையை வைத்த புலவருக்கு ஏரியைத் தூர்த்து நினைவகம் எழுப்பியதில் இருந்த முரண் அன்று எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. பெங்களூருவில் அவருக்குச் சற்று நல்ல இடம் வாய்த்தது. அல்சூர் ஏரிக்கரையில் 1991இலேயே அமைந்து, 18 ஆண்டுகள் சாக்கால் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. தமிழ் உறவினர்களை அங்கே அழைத்துச் செல்வோர் சிலைமுன் படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். பின்னால் விரிந்து கிடக்கும் நீர், நகர நடுவில் தப்பிப் பிழைத்த ஒருசில பழைய ஏரிகளுள் ஒன்று என்பது பேச்சில் வருவதேயில்லை.

இனி, அந்தச் சுரங்கப்பாதைக்குத் திரும்பலாம். பெங்களூருவில் எங்கே நீர் தேங்கினாலும் 'அங்கே ஏரி இருந்தது' என்று சொல்லிவிடும் பழக்கம் படித்தவரிடையே பரவியுள்ளது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரே இரவில் 130 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, வெளிவட்டச் சாலைப் பக்கம் மென்பொருள் ஊழியர் டிராக்டர்களில் அலுவலகம் போனபோது அவ்விளக்கம் பெரிதும் பொருந்தியது. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளுக்கு நீர் செல்லும் வழிகளில் வீடுகள் நின்றன. கே.ஆர். சர்க்கிளுக்கு அது பொருந்தாது. அது சம்பங்கிப் படுகைக்கு மேலே உள்ள மேட்டு நிலம். நீர் தங்காமல் ஓடிவிட வேண்டிய இடத்தில் வாகன நெரிசலைக் குறைக்கப் பள்ளம் தோண்டப்பட்டது. ஏரியைத் தூர்த்தவர்களும் மேட்டைக் குடைந்தவர்களும் வேறு வேறு தலைமுறையினர். மழை எங்கே போகும் என்ற வினாவை இருவரும் கேட்கவில்லை என்பதே அவர்களிடையே உள்ள ஒற்றுமை. முன்னோர் வெட்டிய பள்ளத்துக்குக் கரையும் மதகும் கோடியும் இருந்தன. 'கெரெ' என்றும் 'சந்திரா' என்றும் அதன் பெயரே ஆழத்தைச் சொன்னது. புதிய பள்ளத்துக்கு இருந்தது ஒரு மன்னரின் பெயர். அப்பெயரைக் கேட்டு வந்த காரில் இருந்த எவருக்கும் அது எதையும் சொல்லியிருக்க முடியாது.

மேட்டு முதுகில் விழும் மழை இரண்டாகப் பிரிகிறது. பசவனகுடி நந்தியின் காலடியில் விருஷபாவதி பிறப்பதாக ஐதிகம். அந்நீர் அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கப்பன் பூங்காவின் தெற்குச் சரிவில் விழுவது சாந்திநகர், கோரமங்களா வழியே பெள்ளந்தூரிலும் வர்த்தூரிலும் தங்கி, தென்பெண்ணையில் கலந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கும், பின் கிருஷ்ணகிரி அணைக்கும் போய், கடலூரில் கடல் சேர்கிறது. காலையில் நந்தியையும் மாலையில் கப்பன் பூங்காவையும் பார்த்து இரண்டு இடத்திலும் நனைந்த தமிழக விருந்தினர், உண்மையில் தம் ஊருக்கு வரப்போகும் இரண்டு ஆறுகளில் நனைந்திருக்கிறார். இன்று அந்நீரோடு நகரின் கழிவும் கலந்து வருகிறது. பெள்ளந்தூர் ஏரி 2015க்குப் பின் நுரைத்ததும் தீப்பற்றியதும் செய்தியாயின. பெருமழைக்குப் பிறகு கெலவரப்பள்ளி மதகுகளில் வெண்ணுரை மலைபோல் பொங்குவதைக் கிருஷ்ணகிரி மாவட்ட உழவர்கள் ஆண்டுதோறும் பார்க்கின்றனர்.

பெங்களூருவில் சுற்றிப் பார்த்துவிட்டு இரவுப் பேருந்தில் ஊர் திரும்புவோர், ஓசூரைத் தாண்டியதும் தென்பெண்ணைப் பாலத்தைக் கடக்கின்றனர். பெரும்பாலோர் அப்போது உறங்கியிருப்பர். விழித்திருப்பவர் சன்னல் கண்ணாடியை மூடிக்கொள்வர். கீழே போவது அவர்கள் பகலில் குடைபிடித்து நின்ற நகரத்தின் மழைநீர்.